நண்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, கூட இருக்கிற நான் என்ன செய்வது?

கல்மண்டபம்காரன்:
சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். ஒரே தெரு, ஒரே கார்ப்பரேஷன் பள்ளி, கேரம் கிளப்பில் டபுள்ஸ் ஆடினால் எனக்கு எதிரே உட்காருகிறவன் அவன்தான். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். ஓட்டினான் என்று எழுத இன்னும் கை வரவில்லை. பிரஷர் இருப்பது அவனுக்கு ரொம்ப நாளாகத் தெரியும், தலைவலி வந்தால் மட்டும் மாத்திரை போடுவான், எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையில் ராத்திரி முழுக்க நிற்கிறவனுக்கு மாத்திரை நேரம் எங்கே ஞாபகம் இருக்கும். இந்த வருடம் பொங்கல் கழிந்து கால் வீங்கியது, காலையில் முகம் உப்பியது, அப்புறம் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றான். கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்குகிற கழிவு, கிரியேட்டினின், பார்த்தபோது 11. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. அன்றைக்கே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைப்பது. செவ்வாய், வியாழன், சனி போக வேண்டும்.

நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் வேறு. அவன் யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறான். போன் எடுப்பதில்லை. "ஒண்ணும் ஆகாது மச்சான்" என்றால் கோபம் வருகிறது, பேசாமல் இருந்தால் "இன்னாடா, செத்துட்டவன பாக்குற மாதிரி பாக்குற" என்கிறான். கிளப் பசங்க ஆரம்பத்தில் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் ஒருத்தனும் வரவில்லை. என் கிட்னியைத் தருகிறேன் என்று சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன வாரம், "இத வுட்டுட்லாம்னு இருக்குடா, போதும்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அவனுக்கு வந்திருப்பது இனி போகாது என்பதை என்னாலேயே ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அவனிடம் போய் என்ன சொல்வது?

ராயபுரம்_செவிலி:
தம்பி, கடைசியாகச் சொன்னீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்வோம். நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறவள். "விட்டுவிடலாம்" என்று சொல்லும் நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் உடனே "பைத்தியமா உனக்கு, பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று வாயை அடைக்காதீர்கள். எதை விடவேண்டும் என்று தோன்றுகிறது, டயாலிசிஸையா, உயிரையா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும்.

பாதிப் பேருக்குக் காரணம் உடம்பில் இருக்கும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை நிறைய ஏறியிருந்தால் அந்த நீரையெல்லாம் 4 மணி நேரத்தில் இழுக்க வேண்டியிருக்கும், அப்போது பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், வாந்தி வரும். அந்த வலி எப்படிப்பட்டது என்று பக்கத்தில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் மாடி ஏற முடியாது. பாஸ்பரஸ் ஏறினால் ராத்திரி முழுக்க அரிப்பு, தூக்கம் கிடையாது. இதற்கெல்லாம் வழி இருக்கிறது, ஆனால் அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நம் ஊர் ஆம்பளைகள் சொல்ல மாட்டார்கள்.

மனசுதான் உடைந்திருக்கிறது என்றால் அதுவும் வைத்தியம் இருக்கிற விஷயம்தான். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். 104-லும் பேசலாம். உயிரை விடுகிற எண்ணம் இருப்பது போல் தெரிந்தால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்ணூர்_அலை:
நான் அந்த நாற்காலியில் உட்காருகிறவன். பல வருடமாக உட்காருகிறேன், அதனால் உங்கள் நண்பர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நல்ல கிட்னி வாரத்துக்கு 168 மணி நேரமும் வேலை செய்கிறது. எனக்கு மெஷின் 12 மணி நேரம் செய்கிறது. மிச்ச நேரமெல்லாம் கழிவும் தண்ணீரும் உடம்பிலேயேதான் சேரும். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் பிழிந்து போட்ட துணி போல ஆகிவிடுவேன், யார் வந்து பேசினாலும் காதில் விழாது. நீங்கள் சாயந்தரம் வேலை முடிந்து செவ்வாய், வியாழன், சனி கூப்பிட்டிருந்தால் அவர் எடுக்கவே மாட்டார். அது உங்கள் மேல் கோபம் இல்லை. புதன் காலையில் போய்ப் பாருங்கள், ஆள் வேறு மாதிரி இருப்பார்.

இன்னொன்று, தாகம். வெளியாட்களுக்கு இது புரியவே புரியாது. சிறுநீர் எவ்வளவு போகிறதோ அதற்கு மேல் அரை லிட்டர், அதற்குள்தான் தண்ணீர், டீ, மோர், ரசம் எல்லாம். சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து அரை லிட்டரை நாள் முழுக்கப் பிரித்துக் குடிப்பது என்றால் என்ன என்று யோசியுங்கள். எதிரே ஒருத்தர் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் பாசமாக இளநீர் வெட்டிக்கொண்டு வருவார்கள், வாழைப்பழம், சாத்துக்குடி. எல்லாம் பொட்டாசியம். அது ஏறினால் இதயம் நின்றுவிடும், எச்சரிக்கையே கொடுக்காது. வேண்டாம் என்றால் "ஒரு நாள் குடிச்சா என்ன" என்பார்கள். சண்டை போட முடியாமல்தான் நான் ஆட்களைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

"ஒன்றும் ஆகாது" என்கிற பேச்சு எனக்கும் பிடிக்காது. ஆகிவிட்டதே. ஆனதை ஆகவில்லை என்று சொல்கிறவனிடம் மேற்கொண்டு எதைப் பேசுவது?

மூலிகை_நேசன்:
படித்து மனசு கனத்துவிட்டது. என் மாமாவுக்கு கிரியேட்டினின் 3 இருந்தது, ஒருவர் கொடுத்த மூலிகைக் கஷாயத்தில் குறைந்தது, இன்றைக்கும் நன்றாக நடமாடுகிறார். ஒரு முறை முயற்சி செய்து பார்க்கலாமே. விவரம் வேண்டுமானால் சொல்கிறேன்.

ராயபுரம்_செவிலி:
மூலிகை_நேசன், உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் 3 வேறு, 11 வேறு. கிட்னி முழுக்கப் போகாத நிலையில் பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தாலே எண்ணிக்கை கொஞ்சம் இறங்கலாம். ஐந்தாம் நிலையில், அதாவது கடைசி நிலையில், கிட்னி சுருங்கி வடுவாகிவிட்டது, அதைத் திரும்ப வேலை செய்ய வைக்கிற மருந்து எந்த வைத்தியத்திலும் இன்றைக்கு இல்லை. அப்புறம், செடி என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. ஆடுதீண்டாப்பாளை இருக்கிறதே, அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள ஒரு அமிலம் நல்ல கிட்னியையே கெடுக்கும். சில மருந்துகளில் ஈயம், பாதரசம் சேரும், வெளியேற்றக் கிட்னி இல்லாதவர் உடம்பில் அது தங்கிவிடும். எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் கிட்னி டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான். கஷாயத்தை நம்பி டயாலிசிஸை நிறுத்திவிட்டு நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பிழைக்கவில்லை.

மூலிகை_நேசன்:
டயாலிசிஸை நிறுத்தச் சொல்லவில்லை அக்கா. மாமாவுக்கு இந்த அளவு முற்றவில்லை என்பதும் உண்மைதான். ஏதாவது ஒரு வழி இருக்காதா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

பெரம்பூர்_பேசின்:
கிட்னி கொடுப்பது பற்றி நான் சொல்கிறேன். என் தங்கைக்குக் கொடுத்தவன் நான், இப்போது ஒரு கிட்னியோடு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி அப்பா, அம்மா, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், கணவன், மனைவி கொடுக்கலாம். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரன் பேத்தியும் சேர்ந்தார்கள். நண்பன் இந்தப் பட்டியலில் இல்லை. பாசத்தால் கொடுக்கிறேன் என்று சொல்லலாம், அதற்கு அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். குழு உங்களையும் அவரையும் விசாரிக்கும், வருமானம் பார்க்கும், பழைய போட்டோ முதற்கொண்டு கேட்கும், உங்கள் மனைவிக்கு இது தெரியுமா, சம்மதமா என்று கேட்கும். பணம் கைமாறவில்லை என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

இந்தக் கெடுபிடியைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பெயர், கடன்பட்ட ஏழைகள் அத்தனை பேர் அங்கே கிட்னியை விற்றிருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் குடிவைக்கப்பட்ட மீனவக் குடும்பங்களில் பெண்கள் கிட்னி விற்றது 2007-ல் வெளியே வந்தது. தரகர்கள் சொன்ன தொகை ஒன்று, கொடுத்தது ஒன்று. வயிற்றில் தழும்போடு இன்றைக்கும் இருக்கிறார்கள். நம் பக்கத்து ஆள் ஒருவர் 'நண்பனுக்குத் தருகிறேன்' என்று போய் நின்றால் குழு ஏன் இரண்டு முறை பார்க்கிறது என்பதற்குக் காரணம் இதுதான், அது சரியும்கூட.

அவருடைய மனைவி கொடுக்கத் தயாராக இருக்கிறாரா? ரத்த வகை சேரவில்லை என்றால் மாற்று ஜோடி முறை இருக்கிறது. இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு ஜோடி கிடைத்தால் இவர் மனைவி அவருக்கு, அவர் மனைவி இவருக்கு என்று கொடுக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. யாருமே இல்லை என்றாலும் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக அரசுப் பட்டியலில் மருத்துவமனை மூலம் பதிந்து வைக்கலாம். 2008-ல் ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை டாக்டர்களான அவன் பெற்றோர் கொடுத்தார்களே, அதற்கப்புறம்தான் நம் மாநிலத்தில் இது பெரிதாகப் பேசப்பட்டது. 2023-லிருந்து உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. காத்திருக்கும் காலம் நீளம்தான், ஆனால் பதியாதவருக்கு வரிசையே கிடையாது.

புதுக் கிட்னி வந்தாலும் வாழ்நாள் முழுக்க மருந்து, தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஒரு நாள் தேயலாம். என் தங்கையிடம் கேட்டால், அதெல்லாம் இருக்கட்டும், வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறேனே, அது போதும் என்பாள்.

கொருக்குப்பேட்டை_விதை:
நான் ஒரு நோயாளியின் மனைவி. அண்ணா, கிளப் நண்பர்கள் ஒரு தடவை மொத்தமாகப் பணம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது, நன்றியோடுதான் சொல்கிறேன். காப்பீட்டில் டயாலிசிஸ் ஓடிவிடும். ஆனால் வாரம் மூன்று நாள் போக வர ஆட்டோ, காப்பீட்டில் வராத ஊசி, போன சம்பளம், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் நோட்டுப் புத்தகம். இதெல்லாம் மாதாமாதம் வருகிற செலவு. பெரிய தொகை வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சமாக மாதம் தவறாமல் கொடுத்தால் அந்த வீட்டுப் பெண் யார் முன்னாலும் கை நீட்டாமல் இருப்பாள். கொடுப்பதை அவர் கையில் கொடுக்காதீர்கள், மனைவியிடம் கொடுங்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கவர் வரும்போதெல்லாம் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

பணத்தைவிட வேலை முக்கியம். லாரி ஓட்ட முடியாது, சரி, ஆனால் யார்டில் உட்கார்ந்து கணக்கு எழுத முடியும், எடை மேடையில் சீட்டு போட முடியும். உங்கள் கூட்டத்தில் யாருக்காவது யார்டு மேனேஜர் யாரையாவது தெரியாதா?

சமையல் பற்றியும் அவர் மனைவியிடம் யாராவது சொல்ல வேண்டும். காய்கறியைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். உப்பு தின்றால் தாகம், தாகம் எடுத்தால் தண்ணீர், தண்ணீர் குடித்தால் எடை, கடைசியில் அந்த 4 மணி நேரத்தில் வலி. பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பையும் வாங்கிவிடக் கூடாது, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் போடுகிறார்கள். நல்லது என்று நினைத்து எத்தனை பேர் அதை வாங்குகிறார்கள்!

புதுவண்ணை:
எல்லோரும் வைத்தியம், சட்டம், சமையல் எல்லாம் சொல்லிவிட்டீர்கள், எல்லாம் தேவைதான். கல்மண்டபம்காரன் கேட்டது, எப்படி ஏற்றுக்கொள்வது என்று. என் நண்பன் ஒருவன் புற்றுநோயில் போனான். கடைசி மாதங்களில் சாவைப் பற்றிப் பேச அவன் வாயெடுத்தாலே அம்மா அழுவார்கள், அண்ணன் டிவியை வைப்பார், நண்பர்கள் "அதெல்லாம் பேசாத" என்பார்கள். ஒரு நாள் காசிமேட்டில் படகு ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, "நான் பேசிடறேன், நீ குறுக்க வராத" என்றான். கேட்டேன். சீட்டுக் கம்பெனியில் எவ்வளவு கட்டியிருக்கிறான், யாரிடம் வாங்கியிருக்கிறான், பேங்க் கணக்கில் நாமினி பெயர் இன்னும் அம்மா பெயராகவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டும், பெண்ணை பன்னிரண்டாவதோடு நிறுத்திவிடக் கூடாது. எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் அவன் ராத்திரி தூங்கினான் என்று அவன் மனைவி சொன்னாள்.

எண்ணூர்_அலை:
புதுவண்ணை, உங்கள் நண்பர் கடைசிக் கட்டத்தில் இருந்தார். டயாலிசிஸில் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பித்துச் சில மாதங்களே ஆனவரிடம் நாமினி பற்றிப் பேசினால் முடிவு கட்டிவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். எனக்கே ஆரம்பத்தில் ஒரு சொந்தக்காரர் அப்படிப் பேசினார், இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

புதுவண்ணை:
நான் பேச்சைத் தொடங்கச் சொல்லவில்லை அண்ணே. அவன் தொடங்கினால் மாற்றாதே என்கிறேன். அந்த நண்பன் ஏற்கெனவே தொடங்கிவிட்டான், "போதும்" என்று.

எண்ணூர்_அலை:
அது சரி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்மண்டபம்காரன்:
எல்லோர் பதிலையும் திரும்பத் திரும்பப் படித்தேன். புதன்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டுப் போனேன். எண்ணூர் அண்ணன் சொன்னது சரி, ஆள் தெளிவாக இருந்தான். செவிலி அக்கா சொன்னபடி நேராகவே கேட்டேன், சாகணும்னு இருக்கா, இல்ல டயாலிசிஸ் வேணாம்னு இருக்கா. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான், கடைசி ஒரு மணி நேரம் கால் இழுத்துப் பிடிக்கிறது, பக்கத்துப் படுக்கையில் பெண்கள் இருப்பதால் கத்தவும் முடியாது, திங்கள்கிழமை ராத்திரியே அந்தப் பயம் வந்துவிடுகிறது என்று. "சாவணும்னு இல்லடா, அந்த ஒரு மணி நேரம் வேணாம்." இதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வியாழக்கிழமை நானும் கூடப் போய் டெக்னீஷியனிடம் சொன்னேன். உலர் எடையை, அதாவது உடம்பில் மிச்ச நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார்கள், நீர் எடுக்கிற வேகத்தையும் குறைத்தார்கள். அன்றைக்கும் வலி வந்தது, ஆனால் முன்னளவு இல்லை என்றான்.

கிட்னி பேச்சையும் அவனே எடுத்தான். "உனக்கு ரெண்டு புள்ளைங்க. நாளிக்கு உனக்கு எதுனா ஆச்சுன்னா உன் வூட்டுக்காரம்மா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? இனிமே அத பேசாத." பேசவில்லை. தருகிறேன் என்று சொன்னபோது என் தவிப்பு தீரும் என்று இருந்தது, அவனுக்கு அது பாரமாக இறங்கியிருக்கிறது. அவன் மனைவிக்கு ரத்த வகை வேறு, ஜோடி முறை பற்றிச் சொன்னேன், அதை மட்டும் டாக்டரிடம் கேட்பதாகச் சொன்னார்கள். பட்டியலில் பதிவதற்கும் கேட்கப் போகிறோம்.

அப்புறம் நோயைத் தவிர மற்ற எல்லாம் பேசினோம். 2024-ல் நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினாரே, அப்போது கிளப்பில் வெடி வெடித்தது அவன்தான். அந்தப் பேச்சு வந்ததும் "போர்டு எப்டிகீது, பவுடரு யார் வாங்குறா" என்று கேட்டான். கிளப்புக்கு வரவேண்டும் என்று இருக்கிறது, கையை நினைத்துப் பயப்படுகிறான். ஆடுவது வலது கை, ஃபிஸ்டுலா இடது கையில். ஆடலாமா அக்கா?

ராயபுரம்_செவிலி:
தாராளமாக. தையல் ஆறி, டாக்டர் சரி என்றால் போதும். புது ஃபிஸ்டுலா ஊசி போடும் அளவுக்குப் பக்குவமாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை கழுத்துக் குழாய் இருக்கும், அது நனையக் கூடாது, யாரும் தோளில் கை போட்டு இழுக்கக் கூடாது. இடது கையை போர்டு விளிம்பில் அழுத்தி ஊன்றாமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கையில் வாட்ச், கயிறு எதுவும் வேண்டாம், தண்ணீர் கேன் தூக்கக் கூடாது, அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடக் கூடாது. காலையும் ராத்திரியும் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு அதிர்வு ஓடும், அது நின்றுபோனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நீங்களும் தொட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வாரம் மூன்று நாள் போக முடியாமல் போகிற நிலை வந்தால் வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்கிற டயாலிசிஸும் இருக்கிறது, எல்லோருக்கும் பொருந்தாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

எண்ணூர்_அலை:
புதன் அல்லது ஞாயிறு அழைத்துப் போங்கள். எல்லோருக்கும் டீ வந்தால் அவருக்குப் பாதி கிளாஸ், அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போக வேண்டும். தோற்றுக் கொடுக்காதீர்கள், உடனே தெரிந்துவிடும்.

கல்மண்டபம்காரன்:
சரி அண்ணே. பசங்களிடம் பேசிவிட்டேன், மாதாமாதம் போடுகிறோம், நான் வசூல் செய்து அண்ணியிடம் கொடுக்கிறேன். யார்டு வேலைக்கும் ஒருத்தர் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வியாழக்கிழமைகளில் கூடப் போக ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், அவர்களிடம் பழைய காப்பீட்டு அட்டைதான் இருக்கிறது, அம்மா பெயரில். தனியாக எடுக்க எங்கே போக வேண்டும்?

கொருக்குப்பேட்டை_விதை:
முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்தானே? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார். ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ், சிங்காரவேலர் மாளிகை, அங்கே காப்பீட்டு மையம் இருக்கிறது. ரேஷன் கார்டில் அவர் பெயர் இன்னும் அம்மா கார்டிலேயே இருந்தால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், அவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள், நீங்கள் நில்லுங்கள்.